சுவத்தோரம் ஒரு வெரல் எடம்

பை காலுல இடிக்குதுங்களாண்ணா? இடிச்சா சொல்லிப்போடுங்க, மடியில வெச்சுக்கறேன். உள்ள கட்டிங் மிஷின் இருக்குது, அதான் இந்தக் கனம். பயப்படாதீங்க, பலகை வெட்டற மிஷின். ஆள வெட்டறதா இருந்தா நான் எதுக்குங்ணா டிக்கெட் எடுத்து கவர்மெண்டு பஸ்ல வரப்போறேன்?

சிரிச்சுட்டீங்க பாத்தீங்களா! பொள்ளாச்சியில ஏறுனதுலருந்து காதுல அத மாட்டீட்டு சன்னலயே பாத்துட்டு வந்தீங்க. ஒண்ணக் கழட்டுனீங்கன்னா போதும். எனக்கு ஒரு காது போதும்ங்ணா, இன்னொண்ணுல நீங்க பாட்டுக் கேளுங்க.

வால்பாறை தானுங்களே? நானும் அங்கதான். மாமனார் ஊரு. எம்பேரு அகிலனுங்க, கோயமுத்தூர் கணபதியில இருக்கறேன். தரைக்குப் பலகை போடற வேலை. லேமினேட்டுன்னு சொல்லுவாங்க, பாத்திருப்பீங்க. பாக்க அப்படியே தேக்கு மாரி இருக்கும், ஆனா தேக்கு இல்ல. மரத்தூள அமுக்கிப் பலகையாக்கி, மேல தேக்கு மரத்த ஃபோட்டோ எடுத்து ஒட்டியிருப்பானுக. எங்கப்பா என்னயக் காலேஜுல சேத்து, கோட்டு மாட்டி ஃபோட்டோ எடுத்து ஹால்ல தொங்க விட்டாரு பாருங்க, அந்தக் கதைதான். மேல இன்ஜினியரு, உள்ள தூளு.

ரெண்டாவது வருசத்துலயே எந்திரிச்சு வந்துட்டேனுங்க. ஃபெயிலாயி வரல. செரி, ஃபெயிலும் ஆனேன், ஆனா அதுக்காக வரல. உக்கார முடியலீங்ணா. ஒருத்தன் பாட்டுக்கு முன்னால நின்னு பேசீட்டே இருப்பான், நாம வாயத் தொறக்காம கேட்டுட்டே இருக்கோணும்னா, அது எப்படிங்ணா மனுசனால முடியும்? நீங்களே சொல்லுங்க.

இருங்க, இருங்க, நான் மொதல்ல சொல்லி முடிச்சர்றேன்.

எங்க வீட்டுக்காரி மேகலா. கவர்மெண்டு வேலைக்குப் பரீட்சை எழுதறா. நாளான்னிக்கு ஞாயித்துக்கெழம பரீட்சை, சென்டரு பொள்ளாச்சியில. இது மூணாவது தடவை. மொதல் ரெண்டும் கொஞ்சத்துல போச்சுங்க. அதுலயும் போன தடவை இருக்குதே, வயித்தெரிச்சல். முந்தின நாளு ஒரே டென்சனா உக்காந்திருந்தா. மனசு லேசாகட்டும்னு நான்தான் சினிமாவுக்குக் கூட்டீட்டுப் போனேன். காலைல வண்டியில வெச்சுக் கூட்டீட்டுப் போறப்பவும் சென்டர் வாசல் வரைக்கும் வாய் மூடல நானு, அவள சிரிக்க வெச்சுட்டே போனேன். உள்ள போயி ரெஜிஸ்டர் நெம்பரத் தப்பா ரவுண்டு பண்ணீட்டா! அவசரக்குடுக்கைங்ணா அவ. நிதானமே கெடையாது.

லவ் மேரேஜுதான். அவ படிச்ச கோச்சிங் சென்டர்ல நான் தரை போட்டுட்டிருந்தேன். உள்ள கிளாஸு நடக்குது, நான் பக்கத்து ரூம்ல டம்மு டம்முன்னு தட்டீட்டிருக்கறேன். இவ எந்திரிச்சு வந்தா. "அண்ணா, ஒரு அரை மணி நேரம் தட்டாம இருக்க முடியுமா?"ன்னா. "இருக்கலாம், அண்ணான்னு கூப்புடாம இருந்தா"ன்னேன். அப்படி ஆரம்பிச்சதுங்க.

கல்யாணத்துக்கப்பறம் கணபதியில ஒத்த ரூம் வீடு. அதுலயே அவ படிக்கோணும், அதுலயே நான் இருக்கோணும். ரெண்டாவது தடவையும் போனப்பறம் ஒரு நா பையத் தூக்கீட்டு நின்னா. "அகிலு, நான் அம்மா வீட்டுல போயி உக்காந்து படிக்கறேன். பரீட்சை முடியற வரைக்கும் நீ வராத. இந்தத் தடவையும் போச்சுன்னா நான் கோயமுத்தூருக்குத் திரும்பி வர்றதா இல்ல."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. ஜோக்கு சொல்லீட்டு மூஞ்சிய வெறப்பா வெச்சுக்கறது ஒரு தனித் தெறமைங்ணா, எனக்கு அது வரவே வராது.

செரின்னு அனுப்பி வெச்சேன். எனக்கென்ன, அவ ஆபீசர் ஆனா நான் ஆபீசர் புருசன். போன்ல மட்டும் பேசிக்குவேன். சாப்டியா, படிச்சியா, என்ன படிச்ச, இப்ப என்ன பண்ற, ஏன் சுருதி கொறையுது, இப்படி. பாதி நேரம் எடுக்க மாட்டா. அந்த ஊருல டவரு அப்படிங்க. நான் பண்றப்ப மட்டும் டவரு போயிரும்.

ஒரு நா பேச்சுவாக்குல சொன்னா, மாடி ரூம்ல சிமெண்டுத் தரை, காலெல்லாம் சில்லுன்னு ஏறுதுன்னு. அவ்ளோதானுங்களே! ஊருக்கெல்லாம் தரை போடறவன் பொண்டாட்டி கால் சில்லுன்னு இருக்கலாமா? ஒரு பிளாட்டுல மிச்சமான பலகை கெடந்துச்சு. கட்டு கட்டி, வால்பாறையிலருந்து டீத்தூளு ஏத்தீட்டு வந்து காலியாத் திரும்பற வேன் ஒண்ணப் புடிச்சு ஏத்தீட்டேன். போன்ல சொன்னா, "வேண்டாம் அகிலு, நான் செருப்புப் போட்டுக்கறேன், நீ வராத"ன்னு. புஸ்தகம் படிக்கறப்பச் செருப்புப் போடுவாங்களாண்ணா? சரஸ்வதி இல்லீங்களா அது? ஏற்கனவே ரெண்டு தடவை போயிருக்குது, இன்னும் அவங்க கோவத்தையும் வாங்கிக்கோணுமா? அதான் கெளம்பீட்டேன். இது மழைக்கு முன்னால, மே மாசம் நடந்ததுங்க.

இப்ப வேலையப் பத்திச் சொல்றேன், கேளுங்க. சித்த அந்தப் பக்கம் நகருங்க, கைய நீட்டிச் சொன்னாத்தான் எனக்கு வரும். ஆங். இந்தப் பலகையத் தரையில ஒட்டறது கெடையாது. ஆணியும் கெடையாது. ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், மொத்தமும் சும்மா தரை மேல கெடக்கும். மழைக்காலத்துல ஈரம் இழுத்து உப்பும், வெயில்ல சுருங்கும். அதனால சுவத்தோரம் சுத்தியும் ஒரு வெரல் எடம் விடோணும். உப்பறப்ப அது அங்க போயிக்கும். மேல பட்டை அடிச்சுட்டா அந்தச் சந்து கண்ணுக்கே தெரியாது. எடம் விடல, அது பாட்டுக்குப் போயி சுவத்துல முட்டும். முட்டி, வேற போக்கு இல்லாம நடுவுல தூக்கீட்டு எந்திரிக்கும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்ங்ணா.

இன்னொண்ணு, பலகைய எறக்குனதும் பிரிச்சுறக் கூடாது. அந்த ரூம்லயே ரெண்டு நாளு சும்மா போட்டு வெக்கோணும், அந்த ஊருக் காத்துக்குப் பழகறதுக்கு. ரெண்டு நாளு நான் என்னங்ணா பண்றது அங்க? மாமனார் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறதா? அத்தன வளைவு சுத்தி, மலைக்காத்து வாங்கீட்டுத்தான வேனுல வந்துச்சு, பழகுனது போதும்னு மத்தியானமே பிரிச்சுட்டேன்.

மேகலா ஹால்ல காதப் பொத்தீட்டு உக்காந்து படிக்கறா. நான் மாடியில போட்டுட்டே வர்றேன். சுத்தியும் அழகா ஒரு வெரல் எடம் விட்டு. மாமனார் ஏறி வந்தாரு. பரஞ்சோதின்னு பேரு, டீ ஃபேக்டரில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வாயத் தொறந்தாப் பேச்சுக்கு வரி போட்டுருவாங்கன்னு நெனைக்கற ஜாதி. எல்லாத்தையும் சுத்திப் பாத்தாரு. குனிஞ்சு சுவத்தோரச் சந்துல வெரல விட்டாரு.

"ஏன் மாப்ள, பலகை பத்தலயா?"

"இல்லீங் மாமா, எடம் விட்டிருக்கறேன்."

"எதுக்கு?"

"உப்புமுங்க."

"நான் ஓட்டுன மிஷின்ல இப்படி ஒரு வெரல் போற சந்து இருந்திருந்தா, வெரலு போயிருக்கும், வேலையும் போயிருக்கும். அளவெடுக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

பட்டை அடிச்சா மறைஞ்சிரும் மாமான்னு சொல்றேன், பட்டைய கணபதியிலயே வெச்சுட்டு வந்துட்டேனுங்க, அவசரத்துல. அதுக்குள்ள அத்தை வந்தாங்க. சந்தப் பாத்ததும் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டாங்க. "அய்யய்யோ, மழை புடிச்சா அட்டைப்பூச்சி இது வழியால்ல ஏறும்"ன்னாங்க.

"அத்தை, அட்டை எப்படிங்க மாடி ஏறி வரும்?"

"அதுக்கென்ன மாப்ள, கூப்புடாமயே எங்க வேணா வரும். ஒட்டுனா லேசுல விடாது."

அத்தைக்கு நல்ல காமெடி சென்ஸுங்ணா. அட்டைய நெனச்சு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

மேகலா புஸ்தகத்தோட வாசப்படியில வந்து நின்னா. "அகிலு, கல்யாணத்துக்கு முன்னாடி பார்க்குல உக்காந்து ஒரு சாயங்காலம் பூராவும் இதத்தான என்கிட்ட சொன்ன? எடம் விடலன்னா தூக்கீரும்னு. அவங்க சொல்லட்டும். விட்டது விட்டபடி இருக்கட்டும், நீ கெளம்பு."

அவளுக்கு என்னங்ணா தெரியும், மாமனார் முன்னால நிக்கற மருமகன் பொழப்பு? காலேஜ விட்டவன், காலேஜ விட்டவன்னு அந்தாளு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்காரு. இப்ப அளவெடுக்கவும் தெரியாதுன்னா? மொத்தத்தையும் பிரிச்சேன். ஓரப் பலகைகளப் புதுசா வெட்டுனேன். நாலு சுவத்துக்கும் முட்ட முட்ட, மரச்சுத்தி வெச்சு அடிச்சு எறக்குனேன். எறும்பு நொழையாது. மாமனார் சட்டைப் பையிலருந்து தீப்பெட்டி எடுத்து, ஒரு குச்சிய ஓரத்துல சொருகிப் பாத்தாரு. போகல. இன்னொரு மூலையில பாத்தாரு. போகல. "ம்"ன்னாரு.

அந்த "ம்" இருக்குது பாருங்க. கல்யாணமாயி அன்னிக்கு வரைக்கும் அவரு எனக்கு ஒரு "ம்" போட்டதில்லீங்ணா. வர்ற வழி பூரா எனக்கு அந்த "ம்"முதான் காதுல கேட்டுட்டிருந்துச்சு.

அதனால தப்பு யாருதுங்ணா? அவருதுதான? நான் எடம் விட்டுத்தான போட்டேன்?

அப்பறம் ஜூன் வந்துச்சு. வால்பாறையில ஜூன்னா உங்களுக்கே தெரியும், வானத்துல எவனோ குழாயத் தொறந்துட்டு மூடாமப் போயிருவான். தரை உப்ப ஆரம்பிச்சிருக்குது. மொதல்ல நடந்தா டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சாம். அப்பறம் நடுவுல வீங்கி, ஆனை முதுகு மாரி எந்திரிச்சு நின்னுருச்சு. ஒரு நா காலைல மேகலா உள்ள படிச்சுட்டிருக்கறப்ப, கதவுக்குப் பின்னால பலகை தூக்கி, கதவு தொறக்கவே மாட்டேன்னுருச்சு. உள்பக்கம் தொறக்கற கதவுங்க. மாமனார் வெளியருந்து தள்றாரு, அத்தை சாமியக் கும்புடறாங்க. கடைசியா ஏணி வெச்சு, சன்னல் கம்பி வழியா டீயும் இட்லியும் குடுத்திருக்காங்க. ஆசாரி வந்து கதவக் கழட்டறதுக்குள்ள சாயங்காலம் ஆயிருச்சு.

எனக்கு போன்ல கேட்டதும் உசுரே இல்ல. "பயந்துட்டியா மேகலா?"ன்னேன்.

"இல்ல. யாரும் உள்ள வர முடியலயா, போனும் கீழயே இருந்துச்சா, அன்னிக்குத்தான் அகிலு நல்லாப் படிச்சேன். ரெண்டு வருசத்துல அந்த மாரி ஒரு நாளு படிச்சதில்ல."

என்ன ஒரு நக்கல் பாருங்க! மாட்டீட்டுக் கெடந்தவ பேசற பேச்சாங்ணா அது? என்கூட இருந்து இருந்து அவளுக்கும் காமெடி வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்னிலருந்து எனக்குத் தூக்கம் இல்லீங்க. மாமனாரு வேற போன்ல, "மாப்ள, உங்க தரை எங்களுக்கு முன்னால எந்திரிச்சு நிக்குது, மரியாத தெரிஞ்ச தரை"ங்கறாரு. வாழ்க்கையில ஒரு ஜோக்கு சொன்னாரு, அதுவும் என்னய வெச்சு. மேகலா புஸ்தகத்தத் தூக்கீட்டு சமையக்கட்டுல போயி உக்காந்துட்டாளாம். தாளிக்கற பொகையில எப்படிங்ணா படிப்பா? நான் வந்து ஓரத்த வெட்டிக் குடுத்தாப் போதும். இந்த மிஷின வெச்சு சுத்தியும் ஒரு வெரல் எடுத்துட்டா, பலகை தானாப் படுத்துக்கும். ரெண்டு மணி நேரம். சத்தம் வரும், தூசி பறக்கும், ஆனா ரெண்டே மணி நேரம்தான்.

"ஞாயித்துக்கெழம முடியட்டும் அகிலு. திங்கக்கெழம வந்து வீட்டையே இடிச்சுக் கட்டு. இப்ப வராத"ங்கறா. நீங்களே சொல்லுங்க, திங்கக்கெழம வந்து வெட்டுனா யாருக்குப் பிரயோசனம்? பரீட்சைக்குத் தான எடம் வேணும்? என்னால சும்மா இருக்க முடியலீங்ணா. சாப்புடறப்ப அந்தத் தரை, வண்டி ஓட்டறப்ப அந்தத் தரை. அது அங்க முட்டீட்டு நிக்கறது எனக்கு நெஞ்சுல முட்டுது. ஓரம் வெட்டி வுட்டாத்தான் எனக்கு மூச்சு வரும்.

அவகிட்ட சொல்லாம, காலைல எந்திரிச்சதும் அத்தைக்கு மட்டும் போன் போட்டேன். "அத்தை, நான் கெளம்பி வர்றேன், மேகலாகிட்ட மூச்சு விடாதீங்க, சர்ப்ரைஸு"ன்னேன். அத்தை, "எந்த பஸ்ஸுங்க மாப்ள?"ன்னாங்க. சொன்னேன். "பொள்ளாச்சியில எத்தன மணிக்கு எடுக்கறான்?" அதையும் சொன்னேன். மறுபடியும், "கண்டிப்பா அந்த பஸ்ஸுதானுங்களே?"ங்கறாங்க. மருமகன்னா பாசம்தான், இல்லீங்களா? கோழி அடிச்சு வெக்கறதுக்கு நேரம் பாக்கறாங்க.

என்னங்ணா, தூங்கீட்டீங்களா? இல்ல, கண்ண மூடுனீங்க, அதான் கேட்டேன்.

ஏன் நின்னுட்டான்? ஓ, எதுக்க வண்டி. இந்த வளைவுல ரெண்டு பஸ்ஸு ஒண்ணா போக முடியாதுங்க, ஒருத்தன் நின்னாத்தான் இன்னொருத்தன் மெதுவாச் சுத்தி வர முடியும். சன்னல் சன்னலோட ஒரசற மாரித்தான் போகும், பாருங்க இப்ப. அந்த பஸ்ஸு டிரைவரு இந்த டிரைவர்கிட்டச் சோத்துக்கு என்ன கொழம்புன்னு கேட்டுட்டுத்தான் போவான். ரெண்டு பேரும் எங்கயாச்சும் வெளியூர்ல...

அண்ணா.

அண்ணா, அது மேகலாங்ணா.

அந்தா, மூணாவது சன்னல்ல, பச்ச சுடிதாரு. புஸ்தகத்தப் பாத்துட்டிருக்கறா பாருங்க. சித்த சாஞ்சுக்குங்க, நான் எட்டிக் கூப்புடறேன். மேகலா! ஏய் மேகலா! இங்க! இங்க பாரு! கட்டிங் மிஷின் கொண்டாந்திருக்கறேன்!

பாத்துட்டா. பாத்துட்டாங்ணா, என்னயத்தான் பாத்தா. பாத்து...

ஷட்டர எறக்கிட்டா.

மழைங்ணா. மழைக்குத்தான். அவளுக்குச் சாரல் பட்டா ஆகாது, சளி புடிச்சுக்கும். பரீட்சை நேரத்துல சளி புடிச்சா என்ன ஆகறது, அதான் ஒடனே எறக்கிட்டா. வெவரமான பொண்ணுங்க. புஸ்தகத்த மடியில கவுத்து வெச்சுட்டு ரெண்டு கையாலயும் எறக்குனா பாத்தீங்களா, பழைய பஸ்ஸு, ஷட்டரு சிக்கிக்கும்.

ஆனா அவ எங்க போறா? பரீட்சை நாளான்னிக்குத்தான. பொள்ளாச்சியில கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்கறா, செண்பகம்னு, அங்க தங்கப் போறாளா? பையி வேற பெருசா வெச்சிருந்தா. போன் அடிக்கறேன், இருங்க. ரிங்கு போகுதுங்க. ரிங்கு போகுது. டவரு இருக்குது. எடுக்கல. ஷட்டரு போட்டா உள்ள கேக்காது போல.

அத்தை சொல்லீட்டாங்களோ? சொல்லியிருந்தா வீட்டுலயே இருந்திருப்பாளே, நான் வர்றேன்னு. இல்லீங்களா?

கண்டக்டரண்ணா! கீழ போறதுக்கு அடுத்த பஸ்ஸு எப்பங்க? அட்டகட்டியில எறங்குனா கெடைக்குங்களா? அட்டகட்டி பக்கம்தானுங்களே? செரி, எறங்கிக்கறேன். பின்னாலயே போயிட்டா பொள்ளாச்சி பஸ்ஸ்டாண்டுலயே புடிச்சுருவேன். அந்த செண்பகம் வீடும் எனக்குத் தெரியும். போயி என்னன்னு கேட்டுட்டு, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்து, ஞாயித்துக்கெழம நானே சென்டர்ல கொண்டுபோயி விட்டுட்டு...

என்னங்ணா? என்னமோ சொன்னீங்க. இன்னொரு காதுல இருந்ததையும் கழட்டீட்டீங்களே. ஆழியாத்துலருந்து வாயே தொறக்கல, இப்ப என்ன சொன்னீங்க?

மழை இல்லீங்களா?

பெய்யுதுங்ணா. பெய்யாம இருக்குமா? ஜூலை மாசம், மலை மேல. சித்த நகருங்க, கைய வெளிய நீட்டிப் பாக்கறேன்.

...

ஒரு சொட்டும் எங்கயுமே படலீங்ணா.

...

ஆமாங்க கண்டக்டரண்ணா, நான்தான் அட்டகட்டி கேட்டது. இந்தப் பையிங்களா, என்னோடதுதான். இல்லீங்க. இருக்கட்டும்ங்க. நான் எறங்கல. நீங்க விசிலடிங்க.